மர ரவுட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் கொலெட்டைக் கழற்றிப் பாருங்கள்

கொழும்பு 12 இல் பழைய சோனகத் தெருவிலோ குவாரி வீதியிலோ ஒரு கருவிக் கடையில் ஏறி, சுழலும் வெட்டுமுனையால் (பிட்) மரத்தில் பள்ளமும் ஓர வடிவமும் வெட்டும் ரவுட்டரைக் கேட்டால், முதலில் காதில் விழுவது வாட் கணக்கு. இது 1300, இது 1650, அது 2100 என்று அடுக்குவார்கள். விலையும் அந்த வரிசையிலேயே ஏறும். வாட் தேவைதான். ஆனால் அதை மட்டும் பார்த்து வாங்கிய மெஷின்கள் எத்தனையோ பட்டறைகளில் மூலையில் கிடக்கின்றன. அவற்றில் பலவற்றின் மோட்டருக்கு ஒரு குறையும் இல்லை. பிட் நழுவுகிறது, வெட்டு அதிர்கிறது, கையிலிருக்கும் பிட் உள்ளே போகவில்லை, வெடித்த கொலெட்டுக்கு மாற்று எங்கும் இல்லை, கதை இவ்வளவுதான்.

பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பிளவுபட்ட கூம்புதான் கொலெட். பெருவிரல் அளவுகூட இராது. மெஷின் நல்லதா கெட்டதா என்பதில் பாதி அதில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு பிட்டை மரத்துக்குள் இறக்கும் அமைப்பு, அடித்தட்டு, வேகம். வாட் கடைசியில் வரட்டும்.

எந்த வேலைக்கு எந்த உடம்பு

கையில் பிடிக்கும் ரவுட்டர்கள் மூன்று உடம்பில் வருகின்றன. ஒரு கையால் பிடிக்கும் ட்ரிம்மர்: 500 முதல் 710 வாட் வரை, எடை ஒன்றரை, இரண்டு கிலோ. நடுத்தர ரவுட்டர்: 900 முதல் 1400 வாட், பெரும்பாலும் 8 மி.மீ. அல்லது கால் அங்குலக் கொலெட்; சில மெஷின்கள் 12 மி.மீ. வரை ஏற்கும். பெரிய ரவுட்டர்: 1600 வாட்டுக்கு மேல், 12 மி.மீ. அல்லது அரை அங்குலக் கொலெட், எடை ஐந்து ஆறு கிலோ.

எம்.டி.எஃப், மெலமைன் பலகையில் பான்ட்ரி அலுமாரி செய்பவருக்கு ட்ரிம்மர்தான் வலதுகை. ஓரப்பட்டி சீவுவது, மூலையை 3 மி.மீ. உருட்டுவது, பிணைச்சல் பதிக்கும் குழி, லாச்சியின் அடிப்பலகைக்கு 6 மி.மீ. பள்ளம் எல்லாம் அதில் முடியும். கதவு நிலையும் யன்னல் சட்டமும் செய்பவருக்கு அது போதாது. மருதிலோ முதிரையிலோ 12 மி.மீ. ஆழத்துக்குக் கண்ணாடி உட்காரும் படி வெட்ட வேண்டுமானால் பெரிய உடம்பு தேவை. பூட்டுக் குழி, மூட்டுத் துளை வெட்டும் பொழி வேலை, பெரிய மோல்டிங் பிட் எல்லாம் அதற்கே உரியவை.

ஒன்றுதான் வாங்க முடியும், வேலை கலப்பாக வரும் என்றால் நடுத்தர ரவுட்டர் நல்ல இணக்கம் போலத் தோன்றும். எங்கள் கருத்து வேறு. ஒரு நல்ல ட்ரிம்மரில் தொடங்குங்கள். பெரிய வேலை நிலையாக வரத் தொடங்கியதும் அரை அங்குல மெஷின் ஒன்றைச் சேருங்கள். நடுத்தரம் வாங்கியவர்கள் சிறிய வேலைக்கு அது பாரம், பெரிய வேலைக்குப் பலம் போதாது என்று கடைசியில் மூன்றையும் வாங்கி முடிப்பது வழக்கம். விதிவிலக்கு, வேகம் மாற்றக்கூடிய 1300, 1400 வாட் மெஷினில் 12 மி.மீ. கொலெட்டும் இருந்தால். அப்படி ஒன்று கிடைத்தால் நடுத்தரமே போதும்.

தண்டின் அளவு

சந்தையில் ஓடும் தண்டு அளவுகள்: 6 மி.மீ., கால் அங்குலம் (6.35), 8 மி.மீ., 12 மி.மீ., அரை அங்குலம் (12.7). கடைத் தட்டில் 6 மி.மீ. பிட்டும் கால் அங்குலப் பிட்டும் ஒன்றாகவே கிடக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கால் அங்குலக் கொலெட்டுக்குள் 6 மி.மீ. தண்டு சுகமாக இறங்கும், நட்டும் இறுகும். ஆனால் 0.35 மி.மீ. இடைவெளியை மூடக் கொலெட் அளவுக்கு மீறி ஒடுங்க வேண்டும். அப்போது அதன் வாய் மட்டும் தண்டைத் தொடும், அடிப்பகுதி தொடாது. ஓடத் தொடங்கியதும் பிட் உள்ளே ஆடும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். 6 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய பள்ளம் மறுமுனையில் 8 ஆகிவிடுவது இதனால்தான். முறுக்குப் பிட் போட்டால் இன்னும் மோசம். மேல்நோக்கிச் சீவும் முறுக்கு தன்னைத்தானே கொலெட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். 12க்கும் 12.7க்கும் இதே கதை.

ஆகவே கடைக்குப் போகும்போது நுணுக்கமாக அளக்கும் ஒரு வெர்னியர் கையில் இருக்கட்டும். மெஷினோடு வரும் கொலெட் எந்த அளவு என்பதைப் பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அளவு தெரிந்த ஒரு தண்டைப் போட்டுப் பாருங்கள். அதே கடையிலோ பக்கத்துக் கடையிலோ அந்த அளவுத் தண்டில் நேர் பிட், உருட்டுப் பிட், பேரிங் வைத்த ட்ரிம் பிட் மூன்றும் வாங்க முடிகிறதா என்று கேளுங்கள். முடியாவிட்டால் மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது உங்களுக்கு உதவாது.

தண்டு பெரிதாவதால் வரும் நன்மை பலர் நினைப்பதைவிட அதிகம். உருளைத் தண்டின் வளையாத் தன்மை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். கால் அங்குலம் அரை அங்குலமானால் அது 16 மடங்கு. 6.35 இலிருந்து 8 மி.மீ. ஆனாலே இரண்டரை மடங்கு. வெட்டிய முகத்தில் சிற்றலை போல வரும் அதிர்வுத் தடங்கள் பெரும்பாலும் மெல்லிய தண்டு வளைவதால் வருபவை. 20 மி.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட பிட்டை 6 மி.மீ. தண்டில் வாங்கவே வேண்டாம்.

அரை அங்குல மெஷினோடு குறைப்புக் குழாய் ஒன்று தருவார்கள். அதைப் போட்டால் கால் அங்குலப் பிட்டும் பிடிக்கும். சிறிய பிட்டுக்கு அது போதும். ஆனால் குழாயின் உள்முகமும் வெளிமுகமும் என்று இரண்டு இடத்தில் பிழை சேர வாய்ப்புண்டு. தனிக் கால் அங்குலக் கொலெட் கிடைக்கும் மெஷின் என்றால் அதை வாங்குங்கள்.

கொலெட்டைக் கையில் எடுத்து

கடையிலேயே நட்டைக் கழற்றிக் கொலெட்டை வெளியே எடுங்கள். நல்ல கொலெட்டின் மேற்பரப்பு அரைத்து மெருகிட்டது போல வழவழப்பாக இருக்கும். பிளவுகள் நான்கு, ஆறு, எட்டு என்று பலவாக இருந்தால் எல்லாப் பக்கமும் சமமாக ஒடுங்கும். ஒரே ஒரு பிளவு அல்லது இரண்டு மட்டும் இருந்தால் பிடி ஓரப்பக்கமாக இழுக்கும். நகத்தை உள்முகத்தில் ஓட்டுங்கள். கடைசல் தடம் நகத்தில் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். கொலெட் உட்காரும், மோட்டர் சுழல்தண்டின் உட்கூம்பையும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, உள்ளே கீறலோ துருவோ உண்டா என்று ஒளியில் பாருங்கள்.

கொலெட் நட்டோடு சேர்ந்தே வருகிறதா என்பதும் கவனிக்க வேண்டியது. நட்டோடு பூட்டிய கொலெட்டில் ஸ்பேனரால் முதல் தடவை தளர்த்தியதும் நட்டு இலகுவாகும், ஆனால் பிட் வராது. இன்னும் சுற்றினால் மறுபடி இறுகி, அப்புறம் ‘டக்’ என்று விடும். அந்த இரண்டாவது இறுக்கத்தில்தான் கொலெட் கூம்பிலிருந்து இழுபடுகிறது. தெரியாதவர்கள் முதல் தளர்வோடு நிறுத்தி, பிட்டை இடுக்கியால் பிடித்து ஆட்டிக் கொலெட்டையே பழுதாக்குவார்கள். நட்டும் கொலெட்டும் தனித்தனியான மெஷினில் இந்த உதவி இல்லை. இறுகிப் போனால் நட்டின் பக்கத்தில் மரக்கட்டையால் மெல்லத் தட்ட வேண்டியதுதான்.

பிட்டைப் போடும் முறையும் இங்கேயே: தண்டை அடி தட்டும் வரை இறக்கி, பின் 2, 3 மி.மீ. மேலே இழுத்துவிட்டு இறுக்குங்கள். இறுக்கும்போது கொலெட் கூம்புக்குள் கீழே போகும், பிட்டும் கூடவே போக வேண்டும். தண்டு ஏற்கனவே அடியில் முட்டிக்கொண்டு நின்றால் கொலெட் முழுதாக இறங்காது. இறுகியது போலத் தெரிந்து, வேலையின் நடுவே தளரும். தண்டின் நீளத்தில் குறைந்தது முக்கால் பங்காவது உள்ளே இருக்க வேண்டும். ஆழம் போதவில்லை என்று பிட்டை வெளியே இழுத்து வைப்பது மிக ஆபத்தான பழக்கம். நீளமான பிட் வாங்குங்கள்.

பிட் இல்லாமல் நட்டை இறுக்கி வைப்பதும் கூடாது. உள்ளே பிடிக்க ஒன்றும் இல்லாதபோது கொலெட் தன் அளவுக்குக் கீழே நசுங்கி, திரும்பவும் வட்டமாகாது. காட்சிக்கு வைத்த மெஷினை வாங்குவதானால் இதை முக்கியமாகப் பாருங்கள். கடைப் பையன்கள் நட்டு விழுந்து தொலைந்துவிடக்கூடாது என்று இறுக்கியே வைத்திருப்பார்கள்.

ஓட்டத்தில் ஆட்டம் உண்டா என்று அளக்க, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் இருந்தால் நல்லது. ஒரு 12 மி.மீ. நேர்த்தண்டைப் போட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டு, கையால் சுழற்றுங்கள். கொலெட்டுக்குப் பக்கத்தில் 0.05 மி.மீ.க்குள் நின்றால் நல்ல மெஷின், 0.1 ஐத் தாண்டினால் வேண்டாம். டயல் கேஜ் இல்லாதவர்கள் ஒரு மஹோகனித் துண்டில் 6 மி.மீ. நேர் பிட்டால் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரே ஓட்டமாகப் பள்ளம் வெட்டி, பள்ளத்தின் அகலத்தையும் பிட்டின் விட்டத்தையும் வெர்னியரால் அளக்கலாம். பள்ளம் 0.1 மி.மீ. அளவுக்குப் பெருத்தால் பரவாயில்லை. 0.3 பெருத்தால் கொலெட்டோ சுழல்தண்டோ நேரில்லை. அந்த மெஷினில் வெட்டிய பள்ளத்தில் எந்தப் பலகையும் இறுக்கமாக நிற்காது.

இறக்கமும் அடித்தட்டும்

இறக்கும் ரவுட்டரை மேசையில் வைத்து, ஒரே ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்து அழுத்துங்கள். நல்ல மெஷினும் கொஞ்சம் தடங்கும், ஆனால் சிக்கிக்கொண்டு நிற்காது. அடுத்து பாதி ஆழத்தில் பூட்டிவிட்டு, இரு கைப்பிடியையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். மெஷின் ஏறி இறங்கும் தூண்களுக்கும் அவற்றின் உறைகளுக்கும் இடையே ஆட்டம் தெரிந்தால் அந்த ஆட்டம் வெட்டிலும் விழும். பூட்டும் நெம்பு கைப்பிடியை விடாமலே விரலுக்கு எட்ட வேண்டும். ஓடும் மெஷினின் கைப்பிடியை விட்டுத்தான் பூட்ட முடியும் என்றால் அந்த வடிவமைப்பே பிழை.

ஆழத்தை நிறுத்தும் கம்பியும் அதன் கீழே திரும்பும் மூன்று படி நிறுத்தியும் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். 12 மி.மீ. ஆழம் வேண்டுமானால் படிகளை 4, 8, 12 என்று வைத்து மூன்று ஓட்டத்தில் இறக்கலாம். நுண்திருத்தத் திருகு இருந்தால் பிணைச்சல் பதிப்பவருக்குப் பெரிய உதவி, 2.5 மி.மீ. தடிப்புத் தகட்டுக்கு 2.5 தான் வேண்டும், 3 ஆனால் கதவு நிலையோடு இறுகி நிற்கும்.

அடித்தட்டு தட்டையா என்று ஓர் உருக்குக் கோலை வைத்து ஒளியில் பாருங்கள். பலர் பார்க்காத இன்னொன்று, வட்டத் தட்டின் மையமும் பிட்டின் மையமும் ஒன்றா என்பது. நேர்கோலில் தட்டை அணைத்துத் தள்ளும்போது கை தன்னை அறியாமல் மெஷினைச் சற்றுத் திருப்பும். மையம் அரை மி.மீ. விலகியிருந்தால் பள்ளமும் அவ்வளவு வளையும். சிறிய விலகல் என்றால் மெஷினை ஒதுக்க வேண்டியதில்லை. தட்டின் ஓரத்தில் ஓரிடத்தில் மையால் ஒரு புள்ளி வையுங்கள். எப்போதும் அந்தப் புள்ளியையே கோலில் அணைத்து ஓட்டினால் பள்ளம் நேராக வரும்.

வழிகாட்டி வளையம் (அடித்தட்டில் பிட்டைச் சுற்றிப் பொருத்தி, அச்சுப் பலகையின் ஓரத்தில் அணைத்து ஓட்டுவது) மெஷினோடு வருகிறதா, மற்ற அளவு வளையங்கள் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கதவு வேலையில் நேரத்தை மிச்சப்படுத்துவது இந்த வளையம்தான். கணக்கு எளிது: வளையத்தின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 16 மி.மீ. வளையமும் 10 மி.மீ. பிட்டும் என்றால் விலகல் 3. பிணைச்சல் தகடு 100 மி.மீ. நீளமானால் அச்சுப் பலகையில் 106 மி.மீ. திறப்பு, அகலத்தில் மரத்தின் ஓரத்துக்குத் திறந்திருக்கும் பக்கத்தை விட்டு ஒரு பக்கம் மட்டும் 3 கூட்டினால் போதும். மூலைகள் 5 மி.மீ. வளைவாக நிற்கும், அதை உளியால் சதுரமாக்க வேண்டும். அச்சை 9 மி.மீ. எம்.டி.எஃப்பில் ஒரு முறை செய்து வைத்தால் ஒரு வீட்டுக் கதவுகள் எல்லாவற்றுக்கும் அது போதும்.

வேகம்

பிட் பெருக்கப் பெருக்க வேகம் குறைய வேண்டும். 12 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 24,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு வினாடிக்கு 15 மீற்றர் போகிறது. 80 மி.மீ. கதவுப் பலகைப் பிட்டை 22,000 இல் ஓட்டினால் விளிம்பு வேகம் 92 மீற்றர்! அது மரத்தை எரிக்கும், கையை உதறும், பிட்டில் ஒட்டிய கார்பைட் என்னும் கடின வெட்டுத் துண்டு பறந்தால் ஆளையும் காயப்படுத்தும். பிட்டின் விட்டம் 25 மி.மீ. வரை 22,000–24,000, 50 வரை 18,000, 65 வரை 16,000, அதற்கு மேல் 12,000 அல்லது அதற்கும் கீழ். பிட்டின் தண்டிலோ பெட்டியிலோ உச்ச வேகம் பொறித்திருந்தால் அதுதான் சட்டம்.

எனவே 25 மி.மீ.க்கு மேற்பட்ட பிட் போடும் எண்ணம் உள்ளவர் வேகம் மாற்றும் டயல் இல்லாத மெஷினை வாங்கக் கூடாது. மக்கிட்டா 3612 போன்ற 1650 வாட், 22,000 சுற்று நிலைவேக மெஷின்கள் கதவு நிலைப் பட்டறையில் வருடக் கணக்காக உழைக்கும். உள்ளே மின்னணுப் பலகை இல்லாதபடியால் மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடத்திலும் தாக்குப் பிடிக்கும். ஆனால் பெரிய பிட் அதற்கு ஆகாது. டயல் உள்ள மெஷினில் மெதுவாகத் தொடங்கும் வசதியும், மரம் தடுக்கும்போது வேகத்தைக் காக்கும் வசதியும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். இரண்டாவது கூடுதல் பெறுமதியானது. அது இல்லாமல் டயலைக் குறைத்தால் பலமும் குறைந்து மெஷின் இளைக்கும்.

ட்ரிம்மர்களில் மக்கிட்டா 3709 நிலைவேகம், 530 வாட், 30,000 சுற்று. ஆர்.டி.0700சி 710 வாட், 10,000 முதல் 30,000 வரை மாற்றலாம். மெலமைனும் மரமும் கலந்து செய்பவருக்கு இரண்டாவது வகையே ஏற்றது; மஹோகனியின் குறுக்கு வெட்டுப் பக்கத்தை 30,000 இல் உருட்டினால் கருகாமல் வருவது கடினம்.

கருகலுக்கு வேகம் மட்டும் காரணமல்ல. மெதுவாகத் தள்ளுவது, மூலையில் ஒரு கணம் நிற்பது, மழுங்கிய பிட், பிட்டில் ஒட்டிய பிசின் எல்லாம் சேரும். தேக்கில் சிலிக்கா உண்டு; சாதாரண உருக்குப் பிட் அதில் விரைவில் மழுங்கும். தேக்கு, பிளைவுட், எம்.டி.எஃப் மூன்றுக்கும் கார்பைட் முனைதான்.

மின்சாரம்

இங்கே 230 வோல்ட். 1650 வாட் மெஷின் 7 அம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் உருண்டைப் பின் செருகியில் அடாப்டர் வைத்துப் பெரிய ரவுட்டரை ஓட்டாதீர்கள். பின்கள் சூடாகிப் பிளாஸ்டிக் உருகும். 13 அம்பியர் தட்டைப் பின் அல்லது 15 அம்பியர் செருகியில் மட்டும் போடுங்கள். நீட்டு வயர் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. சுருளில் இருக்கும் வயரை முழுதாக அவிழ்த்த பிறகே பாவியுங்கள். ட்ரிப் சுவிட்ச் இருக்கும் இணைப்பில் மட்டும் வேலை.

பாவித்த ஜப்பான் மெஷின்களில் கவனம். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கு வந்தவை 100 வோல்ட்டுக்கு உரியவை. அமெரிக்காவுக்கு உரியவை 120. நேரே செருகினால் சில வினாடியில் மோட்டர் எரியும். 2 கிலோ வி.ஏ.க்கு மேற்பட்ட ட்ரான்ஸ்போமர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிய விருப்பமில்லாவிட்டால் அவற்றை விடுங்கள். பெயர்ப்பலகையில் 220–240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், சுமையில்லா வேகம், தொடர் இலக்கம் நான்கும் அழியாத எழுத்தில் இருக்க வேண்டும்.

புகழ்பெற்ற மெஷின்களின் போலிகளும் நகல்களும் நிறைய. நிறமும் வடிவமும் ஒன்றாகவே இருக்கும். கொலெட்டின் மெருகு, தூண்களின் ஆட்டம், எடை மூன்றிலும் பிடிபடும். நகல் என்று சொல்லியே விற்கும் மலிவு மெஷின் வருடத்தில் சில தடவை பாவிப்பவருக்குப் போதுமானதாக இருக்கலாம். அசல் விலைக்கு அதை வாங்கிவிடக் கூடாது. கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: கொலெட் தனியாக உண்டா, மோட்டருக்கு மின்சாரம் கடத்தித் தேயும் கார்பன் பிரஷ் உண்டா, பழுதுபட்டால் கொழும்பில் யார் திறப்பார்கள்? முதல் கேள்விக்கே கடைக்காரர் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். வாரண்டியைப் பில்லில் தொடர் இலக்கத்தோடு எழுதி வாங்குங்கள்.

பிளக்கில் போட்டு ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்கவே கூடாது. பிட் இல்லாமல், நட்டைத் தளர்வாக விடாமல் முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுங்கள். ஒலி ஒரே சீராக இருக்க வேண்டும். கரகரப்பு பேரிங்கின் பேச்சு. காற்றுத் துளை வழியே பிரஷ்ஷைப் பாருங்கள். சிறிய நீலப் பொறி இயல்பு. செம்மஞ்சள் வளையமாகச் சுற்றிவந்தால் மோட்டரின் சுழலும் பகுதியான ஆமேச்சரில் கோளாறு. நிறுத்தியதும் மெல்ல ஓய வேண்டும், சட்டென்று உராய்ந்து நிற்கக் கூடாது.

பற்றரி ட்ரிம்மர் பற்றி ஒரு வார்த்தை. 18 வோல்ட் பற்றரிகள் ஏற்கனவே கையில் இருந்து, வேலை நடக்கும் வீடுகளுக்குப் போய்ப் பிணைச்சல் பதிப்பவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். நாள் முழுதும் மேசையில் ஓட்டுவதற்கு வயர் மெஷின்தான்.

முதல் பிட்டுகளும் முதல் வெட்டும்

பன்னிரண்டு, பதினைந்து பிட் அடங்கிய மரப்பெட்டியை முதலில் வாங்காதீர்கள். பாதியைத் தொடவே மாட்டீர்கள், தொடும் மூன்று நான்கும் சீக்கிரம் மழுங்கும். அதே பணத்துக்கு நல்ல தரத்தில் 6 மி.மீ. நேர், 12 மி.மீ. நேர், பேரிங் வைத்த ட்ரிம் பிட், 6 மி.மீ. ஆர உருட்டு என்று நான்கு வாங்குங்கள். 18 மி.மீ. பிளைவுட் என்று விற்பது உண்மையில் அதைவிட மெல்லியதாக இருப்பது வழக்கம். 18 மி.மீ. பிட்டால் ஒரே ஓட்டத்தில் பள்ளம் வெட்டினால் அதில் பலகை ஆடும், 12 மி.மீ. பிட்டால் இரண்டு ஓட்டத்தில் அளவுக்கு வெட்டுவதே நல்லது.

ஒரு ஓட்டத்தின் ஆழம் பிட் விட்டத்தின் பாதியைத் தாண்ட வேண்டாம். 6 மி.மீ. பிட்டுக்கு 3, 12க்கு 6. முதிரை, மருது போன்ற இறுகிய மரத்தில் அதையும் குறையுங்கள். மோட்டரின் ஒலி சட்டென்று தாழ்ந்தால் ஆழம் கூடிவிட்டது. ஒலி உயர்ந்தபடியே இருந்து தூள் மாவாக வந்தால் தள்ளும் வேகம் போதாது. சீவல் சிறு செதிலாக வர வேண்டும்.

மேலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாகச் சுற்றும். பலகையின் வெளி ஓரம் உங்கள் முன்னால் இருந்தால் இடமிருந்து வலமாகத் தள்ளுங்கள். பலகை முழுவதையும் சுற்றுவதானால் இடஞ்சுழியாகவும், சட்டத்தின் உள் ஓரத்தில் வலஞ்சுழியாகவும் போக வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் பிட் மரத்தின் மேல் ஏறி ஓடும். ட்ரிம்மராக இருந்தால் கையிலிருந்தே பறித்துக்கொண்டு போகும். நாலு பக்கமும் உருட்டுவதானால் நாரின் குறுக்கு முனைகளை முதலில், நீளப் பக்கங்களைப் பிறகு. குறுக்கில் மூலை பிய்ந்தாலும் நீள ஓட்டம் அதைச் சீவி எடுத்துவிடும்.

கண்ணாடி, காது மூடி, என் 95 முகக்கவசம் மூன்றும் வேண்டும். எம்.டி.எஃப் தூளும் தேக்குத் தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல. சாரத்தோடும் செருப்போடும் ரவுட்டர் பிடிக்காதீர்கள். பிட் மாற்றும்போது சுவிட்சை நிறுத்துவது போதாது, பிளக் வெளியே இருக்க வேண்டும்.

கடற்கரை ஊரில் மெஷினைக் காப்பது

கொழும்பின் ஈரக்காற்று இறங்கு தூண்களில்தான் முதலில் வேலையைக் காட்டும். வெள்ளவத்தை, தெஹிவளை, மொரட்டுவைப் பக்கம் கடலுக்கு அருகில் உள்ள பட்டறைகளில் சில வாரம் மூடி வைத்தாலே செம்புள்ளி விழும். கிரீஸ் பூசாதீர்கள், தூள் ஒட்டிச் சேறாகி இறக்கம் சிக்கும். மெழுகோ உலர் பி.டி.எஃப்.ஈ. (டெஃப்லான்) தெளிப்போ போதும். வேலை முடிந்ததும் பிட்டைக் கழற்றி, கொலெட்டையும் எடுத்து, உட்கூம்பை உலர் துணியால் துடைத்து, நட்டைக் கையால் இரண்டு சுற்று மட்டும் மாட்டி வையுங்கள். பிட் தண்டை ஒளியில் திருப்பிப் பாருங்கள். வளையமாகக் கபில நிறத் தடமோ நீளவாட்டில் கீறலோ தெரிந்தால் பிட் உள்ளே நழுவியிருக்கிறது. தண்டைத் துடைத்து, கொலெட்டின் பிளவுகளில் அடைத்த தூளைப் பித்தளைத் தூரிகையால் எடுங்கள். மறுபடியும் அதே தடம் வந்தால் புதுக் கொலெட்தான்.

பிட்டில் படியும் பிசினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து நைலான் தூரிகையால் தேய்த்தால் போகும். பேரிங் உள்ள பிட்டில் முதலில் பேரிங்கைக் கழற்றிவிடுங்கள். மண்ணெண்ணெய் அதன் கிரீஸைக் கழுவிவிடும்.

கார்பன் பிரஷ்ஷில் எல்லைக் கோடு போட்டிருக்கும். அதுவரை தேய்ந்ததும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் அல்ல. சுழல்தண்டின் பேரிங் கரகரத்தால் அதே இலக்கத்தைப் பஞ்சிகாவத்தையில் வாகனப் பேரிங் விற்கும் கடையிலும் வாங்கலாம், ஆனால் இலக்கம் ஒன்றாக இருப்பது போதாது. வாகனத்துக்கு என்று வரும் உரசும் றப்பர் சீல் வகை, ரவுட்டரின் 22,000 சுற்றில் சூடேறிக் கிரீஸை உருக்கிவிடும். உரசாத சீல் அல்லது உலோக மூடி போட்ட, அந்த வேகத்துக்கு எனக் குறிப்பிட்ட பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோய் இலக்கத்துக்குப் பின்னால் உள்ள எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.